கைதட்டினால் காற்று வருகிறது, தண்ணீர் வருவதில்லை

பூஞ்சேரி,
மாமல்லபுரம் தபால்,
சனிக்கிழமை.

செங்கல்பட்டு ரேடியோ ரிப்பேர் பக்தவத்சலம் மச்சானுக்கு, உன் அக்கா புருஷன் எல்லப்பன் எழுதிக்கொள்வது. என்ன மச்சான், எப்படி இருக்கிறாய்? பிள்ளைகள் சுகமா? உன் வீட்டுக்காரிக்கு இடுப்பு வலி தேவலையா? உன் கடையில் குவிந்து கிடக்கிற ஊமை ரேடியோக்களில் ஒன்றாவது வாய் திறந்ததா? அவ்விடம் எல்லோரும் சுகம் என்றால் அது எப்படி முடிகிறது என்று ஒரு கார்டு போட்டுத் தெரியப்படுத்தவும். ஏனென்றால் இவ்விடம் யாரும் சுகமில்லை. இல்லாமல் போனதற்கு நீதான் காரணம்.

இந்தக் கடிதத்தை எழுதுவது தபால்கார ஞானதாஸ். எனக்கு எழுத்து வாசனை கிடையாது என்பது உனக்குத் தெரியும். நான் வாயால் சொல்வதை அவன் புத்தகத்தில் இருக்கிற மாதிரி திருத்தி எழுதுகிறான். நான் 'வூடு' என்றால் அவன் 'வீடு' என்று போடுகிறான். உன்னைப் பற்றி நான் முதலில் சொன்ன இரண்டு வார்த்தையை எழுதவே மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டான். "அண்ணாத்த, இது கவர்மெண்டு பையில போற லெட்டரு, இதெல்லாம் எழுதனா என் வேல பூடும்" என்கிறான். அந்த இரண்டு வார்த்தை என்ன என்பதை நீ நேரில் வந்தால் கேட்டுக்கொள்ளலாம். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுக்க எனக்கு வழியில்லை. மோர்ப்பானை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஆள் உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று கருவாட்டுக்கார அம்சா செங்கல்பட்டுச் சந்தையிலிருந்து திரும்பியவள், பஸ்ஸை விட்டு இறங்கி, தலையில் இருந்த கூடையைக்கூட இறக்காமல் என் வாசலில் நின்று, நீ சொல்லி அனுப்பியதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "யோவ் எல்லப்பா, உன் மச்சான் சொல்லி அனுப்சான். அவங்க அக்கா இனிமே இங்க வர்றதா இல்லியாம். சவுக்குத் தோப்புல நின்னுகினு யாரோ பொம்பள பேரச் சொல்லிக் கூப்பிட்டியாமே, அவளையே இட்டாந்து வூட்ல வெச்சிக்கவாம்." இதைச் சொல்லிவிட்டுப் போகிற போக்கில் வஞ்சிரக் கருவாடு வேண்டுமா என்று வேறு கேட்டாள். தோப்புக் கதையை உன் வீட்டுக்குச் சுமந்து வந்தவளும் இவள்தானே? போகும்போது ஒரு கூடை பொய், வரும்போது ஒரு கூடை வசவு, கருவாடு அவளுக்கு மேல் வரும்படி. மச்சான், நன்றாகக் கேட்டுக்கொள். நான் தோப்பில் கூப்பிட்டது ஆட்டை. ஆட்டை. ஞானதாஸ் இதை இரண்டு தரம் எழுதியிருக்கிறான், நீயும் இரண்டு தரம் படி, உன் அக்காவை எதிரில் உட்காரவைத்து உரக்கப் படி.

எனக்கு உன்னிடம் ஆகவேண்டிய காரியம் ஒன்றுதான். உன் அக்கா வீட்டுக்கு வரவேண்டும். அவள் வரவேண்டும் என்றால் நீ என் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போன அந்தப் பெட்டி போகவேண்டும். அதை மாட்டின கையாலேயே வந்து கழற்று. இல்லாவிட்டால் நானே பிடுங்கி, கோவளத்துக்குப் போகிற கட்டை வண்டியில் போட்டு, முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் கொண்டு போய் விட்டெறிவேன், அங்கே இறால்கள் கை தட்டி லைட்டுப் போட்டுக்கொள்ளட்டும்.

இந்தப் புத்தி உனக்கு நேற்று வந்ததா? உன் அக்காவைப் பெண் பார்க்க நாங்கள் வந்த அன்றைக்கே பார்த்தேனே. எங்கள் பெரியப்பா கை கழுவப் போகும்போது கழற்றி வைத்த கடிகாரத்தை நீ பிரித்து, பற்சக்கரத்தை எல்லாம் முறத்தில் பரப்பி வைத்திருந்தாய். அப்போது உனக்கு மூக்கு ஒழுகுகிற வயசு. பெரியப்பா, இந்தச் சம்பந்தமே வேண்டாம், மச்சினன் சரியில்லை என்றார். நான்தான் பெண்ணைப் பார்த்துவிட்டேன், மச்சினனை எதற்குப் பார்ப்பது என்று சொன்னேன். பார்த்திருக்க வேண்டும். பெரியப்பா சாகும்வரைக்கும் மணி என்ன என்று அடுத்தவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது, வாஸ்தவம். கூடத்துக்கு ஒரு ஃபேனும் ஒரு டியூப் லைட்டும் நீ வாங்கிக் கொடுத்தாய், அதையும் இல்லையென்று சொல்லமாட்டேன். கரண்டுக்காரன் சுவிட்ச் பலகை வைத்துக் கொடுத்திருந்தான், அமுக்கினால் எரியும், தூக்கினால் அணையும், எங்கள் கறவை மாட்டுக்குக்கூடச் சொல்லிக் கொடுக்கலாம். அது உனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் பிஸ்கட் டின் பருமனில் ஒரு பெட்டியோடு வந்து நின்றாய். முகத்தில் சல்லடை மாதிரி ஓட்டை, முதுகில் ஒயர். "மாமா, இதுக்குப் பேரு காது. நீ இருந்த எடத்துல கைய தட்டு, இது கேட்டுகினு ஃபேன போடும், லைட்ட போடும். எழுந்து போற வேலையே இல்ல. மெட்ராஸ்லயே பெரிய பெரிய வூட்லதான் கீது." ஒரு தட்டுத் தட்டினால் ஃபேன் சுற்றும். அடுத்த தட்டுக்கு ஃபேனோடு லைட்டும் எரியும். அதற்கடுத்த தட்டுக்கு ஃபேன் நின்று லைட்டு மட்டும் எரியும். இன்னொரு தட்டுக்கு இரண்டும் போய்விடும். திரும்ப முதலில் இருந்து. உன் அக்கா வாசற்படியில் நின்று கேட்டாள், "எல்லாம் அணைஞ்சப்பறம் ஒரு கும்பிடும் போடணுமாடா?" நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். போகும்போது இருந்த சுவிட்ச் பலகையைப் பிடுங்கி, "இனிமே இது இன்னாத்துக்கு மாமா" என்று உன் பையில் போட்டுக்கொண்டு போனாய். அதை என்ன செய்தாய்? உன் வீட்டில் மாட்டிக்கொண்டாயாமே. உன் வீட்டில் சுவிட்ச், என் வீட்டில் காதா?

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும், இது உனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டாய் என்று நினைக்கத்தான் ஆசை. கல்யாணம் ஆன புதிதில் எங்க நைனா கூடத்தில்தான் படுத்திருப்பார். அவர் முன்னால் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற துணிச்சல் இந்த ஊரில் எவனுக்கு இருந்தது? அவளும் என் பேரைச் சொல்லமாட்டாள், சொன்னால் எனக்கு ஆயுசு குறையுமாம். அதனால் நாங்கள் கை தட்டுவது என்று வைத்துக்கொண்டோம். ஒரு தட்டு என்றால் தண்ணீர். இரண்டு தட்டு என்றால் இங்கே வந்துவிட்டுப் போ. மூன்று தட்டு என்றால் விருந்தாளி வந்திருக்கிறார்கள், டீ போடு. நைனா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாயிற்று, தட்டு மட்டும் நிற்கவில்லை. ஜனத்தொகை எடுக்க ஒரு ஆபீசர் வந்தார். பெண்டாட்டி பேர் என்ன என்றார். எனக்கு வெட்கம். உள்ளே திரும்பி, "இந்தாம்மா, ஆபீசர் உன் பேரக் கேக்குறாரு" என்றேன். அவள் வருவதற்குள் அவர் 'இந்தாம்மாள்' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அதைப் பார்த்து ரேஷன் கார்டிலும் அதையே போட்டுவிட்டார்கள், இன்றைக்கும் உன் அக்கா இந்தாம்மாள்தான். சர்க்கரை ஒழுங்காக வருகிறது, நான் மாற்றவில்லை.

இப்போது புரிகிறதா நீ செய்த காரியம்? பெட்டி மாட்டின மறுநாள், வெயிலில் இருந்து வந்து உட்கார்ந்தேன், தொண்டை வறண்டு கிடந்தது, ஒரு தட்டுத் தட்டினேன். தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது, உள்ளே இருந்து அவள் சொம்போடு வந்தாள், இரண்டும் ஒரே சமயத்தில். அவள் மேலே பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ கூப்ட்டது என்னையா, அத்தயா?" என்றாள். உன்னைத்தான் என்றேன். "அதுவும் வந்துச்சே" என்று சொம்பை வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காற்றுக்காகத் தட்டினேன், தண்ணீர் வந்தது. வேண்டாம் என்றேன். அவள் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்துக்கு ஊற்றினாள். ஊற்றின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இது உள்வீட்டுச் சங்கதி. வெளிச்சங்கதி ஒன்று இருக்கிறது, பக்கத்து வீட்டுத் தர்மராஜ். அவன் கல் கொத்துகிறவன் என்பது உனக்குத் தெரியும். மாமல்லபுரத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களுக்கு யானை செதுக்கி விற்கிறான். விடிந்தால் உளியும் சுத்தியுமாக என் சுவரை ஒட்டி உட்கார்ந்துவிடுவான். உன் பெட்டிக்கு உளிச் சத்தம் எது, கைச் சத்தம் எது என்று தெரியாது. அவன் டங்கென்று ஒரு போடு போட்டால் இங்கே ஃபேன் சுற்றும். அடுத்த போட்டுக்கு லைட்டு. அடுத்ததற்கு ஃபேன் நிற்கும். நாள் முழுக்க என் கூடம் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. நான் போய் வேலியில் நின்று, "டேய், கொஞ்சம் நிறுத்துடா, என் வூட்ல லைட்டு போயி போயி வருது" என்றால், அவன் சொல்கிறான், "மாமா, நான் யானைக்குக் காது வெச்சிகினு கீறேன். நீ ஊட்ல காது வெச்சிட்டு என் காதக் கொத்த வேணாங்கற." அதற்கு மேல் ஒரு நாள், நான் வெளிச்சத்தில் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது சரியாகச் சவரக்கத்தி கழுத்துக்கு வந்த நேரம் ஒரு போடு போட்டான். தழும்பு இருக்கிறது, வந்து பார்.

பெட்டியை மூடிவைக்கத் தெரியாதா என்று நீ கேட்பாய். மூடினேன். கோணி போட்டுக் கட்டினேன். மூடுகிற நேரம் பார்த்து அது லைட்டில் நின்றிருந்தது. அப்புறம் நான் கை வலிக்கத் தட்டினாலும் அதற்குக் கேட்கவில்லை, ராத்திரி பூராவும் கல்யாண வீடு மாதிரி எரிந்துகொண்டிருந்தது, ஊர்ப் பூச்சி எல்லாம் விருந்துக்கு வந்துவிட்டது. மெயின் ஃபியூஸைப் பிடுங்கு என்பாய். அதைப் பிடுங்கினால் மாட்டுக் கொட்டகை லைட்டும் சேர்ந்து போகும், அதுவும் உன் வேலைதான். கொசு இருக்கிறதே, அதை மறந்துவிட்டேன். சாயங்காலம் உப்புக் கால்வாய்ப் பக்கமிருந்து கொசு கிளம்பி வரும். கையில் உட்காரும், அடித்தால் லைட்டு அணைந்துபோகும். செத்ததா பிழைத்ததா என்று பார்க்க வெளிச்சம் வேண்டும், அதற்கு இன்னும் சில தட்டுத் தட்டவேண்டும், வெளிச்சம் வந்து பார்த்தால் கொசு தாடையில் உட்கார்ந்திருக்கும். பூஞ்சேரி கொசுவுக்கு ஒரு மச்சான் இருக்கிறான் என்றால் அது நீதான்.

இன்னொன்று சொல்லவேண்டும், நீ சிரிக்கக்கூடாது. சாயந்திரம் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் நான் ஏதாவது கதை சொல்வேன், கதையில் ஒரு இடம் வந்தால் தொடையில் தட்டுவேன், அது எனக்கு ரொம்ப நாள் பழக்கம். புயல் அடிச்ச வருஷம் கட்டுமரம் கவிழ்ந்து ஆள் பிழைச்ச கதை சொல்றேன், அவன் தண்ணிக்குள்ள முழுகறான், மூச்சு முட்டுது, மேல வர்றானா இல்லியான்னு எல்லாம் வாயைப் பொளந்துகினு கீறாங்க, நான் தொடையில ஒரு தட்டு தட்டறேன், ஃபேன் சுத்துது, எல்லாரும் சிரிக்கறாங்க. சாவப் போறவனுக்குக் காத்து வந்துச்சாம். இப்ப கதை கேக்க ஒருத்தனும் வர்றதில்லை. (ஞானதாஸ், இதை நான் சொன்ன மாதிரியே எழுது. சுத்தத் தமிழில் எழுதினால் என் கோபம் தெரியமாட்டேன் என்கிறது.)

சரி, நடந்தது என்னவென்று கேள். உன் அக்கா உன்னிடம் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், அம்சா ஒரு மாதிரி சொல்லியிருப்பாள். நான் நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் கோவளத்து மதார் சாகிப் பாய் வந்தார். எங்கள் சவுக்குத் தோப்பு இந்த வருஷம் வெட்டுக்கு வந்திருக்கிறது, அவர்தான் வழக்கமாக எடுத்து மெட்ராசுக்கு விறகு ஏற்றுவார். நல்ல மனுஷன். வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். நான் எங்கள் வழக்கப்படி மூன்று தட்டுத் தட்டினேன். டீக்குத்தான். ஃபேன் சுற்றியது, லைட்டு எரிந்தது, ஃபேன் நின்றது. பட்டப்பகலில் லைட்டு எரிகிறது, டீ வரவில்லை. இன்னும் மூன்று தட்டினேன். லைட்டு அணைந்தது, ஃபேன் சுற்றியது, லைட்டும் எரிந்தது. டீ வரவில்லை.

"இன்னா எல்லப்பா, யாருக்கு சிக்னல் காட்டற? கப்பல் எதனா வருதா?" என்றார் பாய்.

எனக்கு வந்த கோபத்தில், "இந்தா! காது அடைச்சிகிச்சா?" என்று கத்தினேன். உன் அக்கா வந்து வாசற்படியில் நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சத்தம் போடாமல், அதுதான் பயம், சத்தமே போடாமல் சொன்னாள்.

"அடைச்சிக்கல. நல்லா கேட்டுது. நீ தட்டனது எனக்கா அதுக்கான்னு எனக்குத் தெரியல, அதான் நான் வரல. அது ரெண்டு தபாவும் வந்துச்சி பாரு."

"பாய் வந்து உக்காந்துகினு கீறாரு, டீ போடும்மே."

"போடறேன். எனக்கு ஒரு பேரு கீது. எங்க நைனா வெச்சது. கட்டிகினு வந்து இத்தினி வருஷத்துல அது உன் வாய்ல ஒரு நாள் வந்ததில்ல. சொம்மா இருந்தேன், சரி, நமக்குன்னு ஒரு தட்டு கீதே, அது நம்ம ரெண்டு பேருக்குத்தானேன்னு. இப்ப அத்த தகர டப்பாவுக்குக் குடுத்துட்ட. ஒரு தட்டு தட்டனா அதுவும் சுத்துது, நானும் சுத்தறேன். பாய் முன்னாடியே சொல்றேன், என் பேர சொல்லிக் கூப்புடு, டீ வரும்."

மச்சான், அந்த நேரம் எப்படி இருந்தது தெரியுமா? பாய் துண்டால் விசிறுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தில் அப்போதுதான் கொத்த ஆரம்பித்த தர்மராஜின் உளி நின்றுபோனது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்காத உளி, நான் காலில் விழுந்தும் நிறுத்தாத உளி, என் பெண்டாட்டி பேரை நான் சொல்கிறேனா என்று கேட்க நின்றது. வேலி ஓரமாக அவன் தலை தெரிந்தது. நான் வாயைத் திறந்தேன். பேர் தெரியாமல் இல்லை. தொண்டைவரை வந்தது, நாக்கில் ஏறமாட்டேன் என்கிறது. ஊரான் பெண்டாட்டி பேர் எல்லாம் சொல்கிறேன், அம்சா என்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. இவள் பேர் மட்டும் எங்க நைனா இன்னும் கூடத்தில் படுத்திருக்கிற மாதிரி அங்கேயே நிற்கிறது. கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "இந்...தா" தான்.

அவள் உள்ளே போனாள். டீ போடத்தான் போகிறாள் என்று நினைத்தேன். மஞ்சள் பையோடு வந்தாள், பாயைக் கும்பிட்டாள், பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். பின்னாலேயே ஓடியிருக்கலாம். பாய் இருந்தார், தர்மராஜ் இருந்தான், ஒரு ஆம்பளை அவ்வளவு பேர் பார்க்க பஸ் பின்னால் ஓடமுடியுமா? பாய் டீ குடிக்காமலே எழுந்தார். "எல்லப்பா, தோப்பு எங்கயும் போயிடாது, நான் அப்பால வர்றேன். எங்க வூட்லயும் 'இன்னாங்க'தான், 'இந்தாம்மா'தான். ஆனா நான் அந்தப் பொட்டிய மாட்டல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். ஃபேன் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அன்னையிலிருந்து என் பொழப்ப கேளு. காலைல நாஸ்தா தர்மராஜ் வூட்ல. அவன் பொண்டாட்டி இட்லி வெக்கும்போதே அவன் கேக்கறான், "மாமா, சட்னி வோணும்னா எத்தினி தட்டு?" மத்தியானம் வெயில்ல இருந்து வந்து உக்காருவேன். பழக்கம் வுடுமா? கை தானா ஒரு தட்டு தட்டும். ஃபேன் சுத்தும். தண்ணி கேட்டா காத்து வருது, மச்சான். ரெண்டு தட்டு தட்டனா லைட்டும் வருது. அவ வர்றதில்ல. அந்தப் பொட்டி சொன்ன பேச்சு கேக்குது, திருப்பி ஒரு கேள்வி கேக்காமயே இருக்குது, நல்லா ஓடுது, ரிப்பேரே ஆவறதில்ல. ரிப்பேர் ஆனாலாவது உன்ன கூப்பிடலாம்னு பாத்தேன். அதுக்கும் குடுத்து வெக்கல.

இப்போது தோப்பு விஷயம். இது பொய் வழக்கு. திங்கட்கிழமை என் ஆடு ஓடிப்போயிற்று. கறுப்பு ஆடு, ஒரு காது மட்டும் வெள்ளை. அது சவுக்குத் தோப்புக்குள் நுழைந்துவிட்டது, அங்கே காற்றுச் சத்தத்தில் மெதுவாகக் கூப்பிட்டால் ஆட்டுக்குக் கேட்குமா? அதனால் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஆட்டுக்குப் பேர் வைக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா? ஒரு தரம் கூப்பிட்டேன், கொஞ்சம் வெட்கமாக இருந்தது, சுற்றிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன். ஆடு வரவில்லை. அடுப்புக்குச் சவுக்குச் சருகு வாருகிற ஒரு பெண் வந்தாள், குனிந்து வாரிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "இன்னா மாமா, கூப்ட்டியா?" என்று நிற்கிறாள். அவள் பேரும் ஆட்டின் பேரும் ஒன்றாய்ப் போனால் நான் என்ன செய்ய? அந்த நேரம் பார்த்து அம்சா கூடையோடு குறுக்கு வழியில் வருகிறாள். இதுதான் நடந்தது. இதற்குப் போய் "அவளையே இட்டாந்து வெச்சிக்கோ" என்று சொல்லி அனுப்புகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? உன் அக்காவிடம் சொல், நான் அப்பேர்ப்பட்ட ஆள் இல்லை. ஆட்டைத் தேடினவன். அவ்வளவுதான்.

ஆக, நீ இந்தக் கடிதம் கண்டதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு, என் சுவிட்ச் பலகையையும் எடுத்துக்கொண்டு, உன் அக்காவையும் அழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து சேரவேண்டியது. பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும் என்கிற அந்த நிபந்தனையை மட்டும் அவள் விட்டுவிட வேண்டும், இந்த வயசில் அதெல்லாம் ஆகாத காரியம், ஊர் சிரிக்கும் என்று நான் சொன்னதாகச் சொல். மற்றபடி அவளுக்கு என்ன குறை? உன் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம், அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், ரேடியோ மட்டும் படிக்கவேண்டாம். உன் வீட்டுக்காரிக்கு விசாரிப்பு. எல்லையம்மன் உன் குடும்பத்தைக் காக்கட்டும், உன் கையில் இருக்கிற ஸ்க்ரூ டிரைவரிடமிருந்து ஊரைக் காக்கட்டும்.

இப்படிக்கு, கோபத்தோடும் பசியோடும் இருக்கும் உன் மாமன்,
எல்லப்பன் (இடது கைப் பெருவிரல் ரேகை).

பின்குறிப்பு: மச்சான், ரேகை வெச்சப்பறம் ஞானதாசு லெட்டர மடிக்காம என்னையே பாத்துகினு கீறான். இன்னாடா பாக்கறன்னேன். "அண்ணாத்த, உனுக்கு ஆடு ஏது? பங்குனில திருக்கழுக்குன்றத்து ஆளுக்கு வித்துட்டியே, நான்தானே கயித்த புடிச்சிகினு போனேன்" அப்படின்றான். நான் துண்ட ஒதறி தோள்ல போட்டுகினேன். "சரி, ஆடு இருந்துச்சின்னே வெச்சிக்கோ, அந்த ஆட்டு பேரு இன்னா? அந்தம்மா மொதல்ல அத்தத்தான் கேக்கும்" அப்படின்றான். இவன் எழுதற வேலைய பாக்காம கேள்வி கேக்கறான். ஆனா யோசிச்சிப் பாத்தா இவன் சொல்றது நாயம். ஆட்டுக்கு அந்தப் பேர வெச்சேன்னு தெரிஞ்சா உங்க அக்கா இந்த ஜென்மத்துக்கு வரமாட்டா.

அதனால ஞானதாசு, மேல எழுதினதுல ஆடு வர்ற எடத்தையெல்லாம் அடிச்சிடு. ஆடு இல்ல. நான் தோப்புக்குப் போனது அவ பேர சொல்லிப் பழகிக்கறதுக்கு. வூட்ல பழகலாம்னா தர்மராஜு வேலி மேல தலைய வெச்சிகினு கீறான். தோப்புல யாரும் இருக்கமாட்டாங்க, காத்து சத்தத்துல வெளிய கேக்காதுன்னு போனேன். மொத தபா சொன்னப்ப எனக்கே தூக்கிவாரிப் போட்டுது, யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சி. ரெண்டாவது தபா நல்லா வந்துச்சி. அந்தப் பொண்ணுக்கும் அதே பேருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பேரு இன்னான்னு அம்சா உங்க அக்காகிட்ட சொன்னாளா இல்லியா? சொல்லியிருக்கமாட்டா, சொன்னா அவ கதைல காரம் போயிடும். மச்சான், நீ சொல்லு, எவளையோ கூப்பிடலன்னு. பேரு செங்கம்மா. எழுதிட்டியா ஞானதாசு? செங்கம்மா. இரு, இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்றேன், எழுத்துல நல்லா வுழட்டும், செங்கம்மா! பொட்டிய கழட்டறதும் கழட்டாததும் அவ இஷ்டம், ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும், நிபந்தனை கிபந்தனைன்னு நான் சொன்னதையும் அடிச்சிடு. ஒரு வார்த்தை அவகிட்ட

யார்ரா அது, லைட்டு எரியுது? ஃபேன் மட்டும்தானே சுத்திகினு இருந்துச்சி. தர்மராஜா? அவன் கல்லு வாங்கப் போயிட்டானே. தோ பாரு, இன்னொரு தட்டு, ஃபேன் நின்னுபோச்சி. வாசப் படலாண்டதான் சத்தம். வளையலோட வருது அந்தத் தட்டு. மூணாவதும் தட்டியாச்சி, லைட்டும் போச்சி. "யோவ், கூப்பிட்டது கேட்டுது, வந்துட்டேன்ல?" அப்படின்னு கொரலு வேற. ஞானதாசு, மூணு தட்டுன்னா எங்க வூட்டு கணக்குல இன்னா தெரியுமில்ல? வுடு, பேனாவ மூடு, நான் போயி அடுப்புல தண்ணி வெக்கறேன், இதோ வந்துட்டேன்மே, வந்துட்டேன், இந்த டீத்தூள் டப்பா எங்க கீதுன்னு மட்டும் எனக்கு